‘ஸூன்’ என்றால் எப்போது?

திருவாதிரை நட்சத்திரம் ‘ஸூன்’ (soon, விரைவில்) வெடிக்கும் என்று ஆங்கில வானியல் செய்திகளில் எழுதுவார்கள். அவசரப்பட்டு மொட்டை மாடிக்கு ஓட வேண்டாம். அவர்கள் சொல்வது, அடுத்த 1,00,000 ஆண்டுகளுக்குள் என்பதைத்தான். இதே சொல் ரயில் வருவதைப் பற்றி வந்தால் சில நிமிடம், கல்யாணத்தைப் பற்றி வந்தால் சில மாதம். இத்தனை நேரம் என்ற கணக்கு இந்தச் சொல்லுக்குள் கிடையாது. பேசப்படும் காரியம் வழக்கமாக எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதை வைத்து, கேட்பவர்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1,000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘ஸோனா’. பொருள் ‘உடனே’. இன்றைக்கும் அந்தக் கண்டிப்பு ‘ஆஸ் ஸூன் ஆஸ்’ என்ற தொடரில் மிச்சமிருக்கிறது. ‘மழை நின்றதும் கிளம்பினோம்’ என்பதில் ‘நின்றதும்’ செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இந்தத் தொடர் செய்கிறது. இடையில் தாமதத்துக்கு இடமே இல்லை.

சரி, மற்ற இடங்களில் அந்தக் கண்டிப்பு எங்கே போனது? பேசியவர்களின் தாமதம் அதைத் தின்றுவிட்டது. ‘இதோ வந்துட்டேன்’ என்று குரல் கொடுத்தவர் வந்து சேரப் பத்து நிமிடம் ஆகிறது. குழந்தை அகராதி பார்த்து மொழி கற்பதில்லை. சொல்லைக் கேட்கிறது, அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்க்கிறது. சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் ஓர் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியும் பொருளோடு சேர்ந்துவிடும்.

இது ‘ஸூன்’ ஒன்றுக்கு மட்டும் நேர்ந்த விபத்தாக இருந்தால் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. ‘அனான்’ என்ற பழைய சொல்லுக்கும் முதலில் ‘உடனே’ என்றுதான் பொருள். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகம் 1598-இல் அச்சானது. அதில் மதுக்கடைப் பையன் பிரான்சிஸை இளவரசன் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கிறான். இளவரசனின் கூட்டாளி பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பையன் ‘அனான், அனான், சார்!’ என்று கத்துகிறானே தவிர, நின்ற இடத்தைவிட்டு நகர முடியவில்லை. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழிக்கிறான். ‘உடனே’ எப்படிக் ‘கொஞ்சம் பொறுங்கள்’ ஆகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

‘பை அண்ட் பை’ கதை இன்னும் வேடிக்கை. 1611-இல் வெளியான ஆங்கில பைபிளில் ஏரோதியாளின் மகள், யோவான் ஸ்நானகனின் தலையை ‘பை அண்ட் பை’ கொடு என்று அரசனிடம் கேட்கிறாள். கிரேக்க மூலத்தில் இருப்பது ‘இப்போதே’. இன்றைய வாசகருக்கோ, ‘ஆற அமரக் கொடுத்தால் போதும்’ என்று அவள் சொல்வதுபோல் படும்! ‘பிரசன்ட்லி’யும் இதே பாதையில் போனது. இங்கிலாந்தில் அதற்கு ‘கொஞ்ச நேரத்தில்’ என்ற பொருள் பழகிவிட்டது. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் ‘தற்போது’ என்ற பொருளில் புழங்குகிறது.

ஒரு சொல் தளர்ந்ததும் அந்த இடத்துக்கு இன்னொன்றைப் பிடித்துவர வேண்டியிருக்கிறது. ‘இம்மீடியட்லி’ லத்தீன் வழி வந்தது. அடிப்பொருள் ‘நடுவில் எதுவும் இல்லாமல்’. ‘டைரக்ட்லி’ என்றால் ‘நேராக’. முன்னது இன்னும் தாக்குப்பிடிக்கிறது. பின்னது அமெரிக்காவின் தென்மாநிலப் பேச்சில் ஏற்கெனவே ‘கொஞ்ச நேரத்தில்’ ஆகிவிட்டது. ‘நௌ’ அசையாமல் நிற்பதுபோல் தெரியும். ஆனால் தென்னாப்பிரிக்கர் ஒருவர் ‘ஜஸ்ட் நௌ’ வருகிறேன் என்றால், நீங்கள் தாராளமாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

நமக்கு ‘ஸூன்’ தகராறு செய்வது வேறு இடத்தில். தமிழில் ‘சீக்கிரம்’ ஒன்றே ‘வேகமாக’, ‘முன்னதாக’, ‘கொஞ்ச காலத்தில்’ என்று மூன்று வேலை பார்க்கிறது. அதனால் ‘சீக்கிரம் எழுந்தேன்’ என்பதற்கும் ‘ஸூன்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே ‘எர்லி’ வர வேண்டும். குறித்த நேரத்துக்கோ வழக்கமான நேரத்துக்கோ முந்தினால் ‘எர்லி’. இப்போதிலிருந்து, அல்லது கதையில் நாம் நிற்கும் கணத்திலிருந்து, கொஞ்ச காலத்தில் என்றால் ‘ஸூன்’. ஒன்பது மணி ஆபீசுக்கு எட்டரைக்கே போய்ச் சேர்ந்தால் அது ‘எர்லி’. பத்து மணிக்கு மேனேஜர் போனில் எங்கே என்று கேட்கும்போது, பஸ்ஸில் நின்றபடி சொல்வது ‘ஸூன்’.