ஜானர் என்பது ஒரு தினுசு

சனிக்கிழமை காலை, பசியாறி முடிக்கும் நேரத்துக்கு அக்கா மகள் வந்தாள். கூடவே கல்லூரித் தோழிகள் இரண்டு பேர். ஏ லெவல் ஊடகவியல் பாடத்துக்கு அவர்கள் இரண்டு நிமிடப் படம் ஒன்று எடுக்க வேண்டும். முழுக்கதை தேவையில்லை; இல்லாத ஒரு முழுநீளப் படத்தின் தொடக்கம் மட்டும், பெயர் எழுத்துகளோடு. திரில்லர் என்று முடிவு செய்துவிட்டார்கள். படத்தோடு ஒரு கேள்விக்கு விடையும் எழுத வேண்டும்: ஜானரின் கன்வென்ஷன்களை உங்கள் படம் எங்கே பயன்படுத்துகிறது, எங்கே சவால் விடுகிறது? அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள். ஆனால் படம் பேசப்போவது தமிழ். கல்லூரித் தமிழ்க் கழகத்தில் திரையிடும்போது தமிழில் ஒரு பக்கக் குறிப்பு கொடுக்க வேண்டுமாம்.

"மாமா, ஜானருக்குத் தமிழ்ல என்ன?"

கைப்பேசி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கன்வென்ஷனுக்கு 'மாநாடு' என்று வந்திருக்கிறது. திரில்லர் மாநாடு!

'வகை' என்று ஒரே சொல்லில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஜானர் அப்படி விட்டுவிடக்கூடிய சொல் இல்லை. அதன் குடும்பம் பெரிது. அதில் பாதி நம் வீட்டிலேயே குடியிருக்கிறது.

ஜானர் பிரெஞ்சுச் சொல். அதன் தாய் லத்தீனின் 'கெனுஸ்'. பிறப்பு, குலம், இனம் என்று பொருள். வடமொழியில் ஜனம், ஜன்மம், ஜாதி எல்லாம் பிறத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. அந்த வேரும் லத்தீன் வேரும் ஒன்றுவிட்ட உறவு. இன்னொரு கிளை இதைவிடச் சுவையானது. கிரேக்கத்தில் 'கெனோஸ்' என்ற சொல் அரபுக்குப் போய் 'ஜின்ஸ்' ஆனது. அரபு வணிகர்களோடும் மதத்தோடும் மலாய்க்கு வந்து 'ஜெனிஸ்' ஆனது. பாசாரில் மீன் வாங்கும்போது 'இது என்ன ஜெனிஸ்' என்று நாம் தினமும் கேட்கிற அதே ஜெனிஸ். அதே அரபுச் சொல் உருது வழியாகத் தமிழுக்கு வந்து என்ன ஆனது தெரியுமா? தினுசு.

ஆமாம், பினாங்கு லெபோ பாசார் தெருவின் சேலைக் கடைகளில் 'புது தினுசு வந்திருக்கு' என்கிறார்களே, அந்தத் தினுசும் சினிமாக்காரர்களின் ஜானரும் ஒரே கொடியில் காய்த்தவை. இதைச் சொன்னதும் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். 'தினுசு' என்றே குறிப்பில் போட்டுவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் ஆசைதான். ஆனால் தமிழில் அந்தச் சொல் கொஞ்சம் கோணிக்கொண்டுவிட்டது. 'ஒரு தினுசான ஆள்' என்றால் யாரும் அவரைப் பாராட்டுவதாக எடுத்துக்கொள்வதில்லை. 'தினுசான படம்' என்று அறிவித்தால் கழகத் தலைவர் திரையிட யோசிப்பார்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் இதை 'ழானர்' என்று எழுதுவார்கள். பிரெஞ்சுப் பெயர்களை ழான், ழாக் என்று எழுதும் பழக்கத்திலிருந்து வந்தது அது. பிரெஞ்சு ஒலிக்கும் நம் ழகரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இருக்கிற எழுத்துகளில் அதிகம் உழைக்காதது ழ என்று அந்த வேலையை அதன் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. ஜானர் போதும்.

தமிழில் எழுதும் விமர்சகர்கள் இப்போது பரவலாகப் பயன்படுத்துவது 'வகைமை'. நானும் அதைத்தான் கொடுத்தேன். வேறு நல்ல சொல் இல்லாததால் அல்ல, அதற்குள் ஒரு கருத்து இருப்பதால். வகை என்பது 'வகு' என்ற வினையிலிருந்து வருகிறது. வகுத்தல், வகுப்பு, வகிடு எல்லாம் அந்தப் பக்கம். ஜானர் பிறப்பைப் பேசுகிறது: இந்தக் குலத்தில் பிறந்தாய், இப்படித்தான் இருப்பாய். வகைமை கோடு கிழிப்பதைப் பேசுகிறது: யாரோ ஒருவர் சீப்பை எடுத்து வகிடு எடுத்திருக்கிறார். வகிட்டை இடம் மாற்றி எடுக்கலாம், பிறப்பை மாற்ற முடியாது. ஒரு மாணவி ஒரு வகைமையோடு மல்லுக்கு நிற்கப் போகிறாள் என்றால் எனக்குத் தமிழ்ச் சொல்தான் அவளுக்குத் தோதாகத் தெரிகிறது.

உண்மையிலும் நடப்பது அதுதான். 'ஃபிலிம் நுவார்', அதாவது இருள் கவிந்த குற்றப் படங்கள், என்று இன்று எல்லாப் பாடநூலிலும் தனி அத்தியாயம் இருக்கிறது. 1940களில் அமெரிக்காவில் அந்தப் படங்களை எடுத்தவர்கள் தாங்கள் நுவார் எடுப்பதாக நினைக்கவில்லை. 1946இல் பாரிஸில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்த நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் வைத்த பெயர் அது. பிள்ளை பிறந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் குலம் முடிவானது.

அடுத்தது திரில்லர். திரில் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் துளைத்தல் என்று பொருள். 'திரெல்' என்றால் துளை. மூக்குத் துளைக்கு ஆங்கிலத்தில் 'நாஸ்ட்ரில்' என்கிறோமே, அதன் பின்பாதியில் இருப்பது அதே துளைதான். முதலில் ஈட்டி உடம்பைத் துளைத்தது. பிறகு உணர்ச்சி மனத்தைத் துளைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அப்படித் துளைக்கும் கதைக்குத் திரில்லர் என்று பெயர் வந்தது.

இதோடு நம் 'மர்ம'த்தை வைத்துப் பாருங்கள். மர்மப் படம், மர்ம நாவல் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். வடமொழியில் மர்மம் என்றால் உயிர்நிலை, அடிபட்டால் ஆள் சாயும் இடம். சாவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். மலையாளத்தில் மர்ம சிகிச்சை என்றும் நாஞ்சில் பக்கம் வர்மம் என்றும் சொல்வது அந்த இடங்களைப் பற்றித்தான். மறைத்துக் காக்க வேண்டிய இடம் என்பதால் ரகசியம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலச் சொல் ஊசி, நம் சொல் ஊசி படக்கூடாத இடம்.

ஆனாலும் திரில்லருக்கு 'மர்மப் படம்' சரியாக வராது. மர்மத்தில் முடிச்சு முக்கியம். யார் செய்தது என்று தெரிந்தால் போதும். 'திகில் படம்' என்றால் இங்கே எல்லாரும் பேய்ப் படம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'பரபரப்பு' செய்தித்தாள்காரர்கள் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போன சொல். என் தேர்வு 'பதைப்பு'. பதைபதைப்பு என்று இரட்டித்தும் சொல்லலாம். என்ன நடக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் நிலை. சுவரொட்டியில் திரில்லர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். கட்டுரையில் 'பதைப்புப் படம்' என்று எழுதினால் குறைந்துவிடாது.

பெண்கள் கதையைச் சொன்னார்கள். முதலில் எழுதியது வழக்கமான கதை. இரவு, மழை, ஹூடி போட்ட ஒருவன், இதயத் துடிப்பு ஒலி, கைநடுங்கும் கேமரா. பினாங்கு வெயிலில் ஹூடி போட்டவனைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது, காய்ச்சலா தம்பி என்று கேட்கத்தான் தோன்றும். நம் ஊரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்த்து யார் நடுங்குகிறார்கள்? அதை அவர்களே உணர்ந்து கிழித்துப் போட்டுவிட்டார்கள். இரண்டாவதாக எழுதியது இது:

ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீடு. பட்டப்பகல். பாட்டி பாசாரிலிருந்து கூடையோடு படியேறி வருகிறார். தாழ்வாரம் முழுக்க வெயில். ஒவ்வொரு வாசலிலும் செருப்புகள். எங்கோ குக்கர் விசில் அடிக்கிறது. இசை இல்லை. பாட்டி தன் வாசலுக்கு வந்து இரும்புக் கிரில்லின் பூட்டைத் திறக்கப் போகிறவர் நிற்கிறார். பூட்டு போட்டது போட்டபடி இருக்கிறது. வாசலில் ஒரு ஜோடி அதிகம். படத்தின் பெயர் வருகிறது.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு ஜோடி என்ன செருப்பு என்று கேட்டேன். அவர்களுக்குள் அன்று காலை வரை அதில்தான் சண்டையாம்.

இந்த இடத்தில் தொல்காப்பியரை அழைத்து வந்து உட்கார வைத்தேன். மெய்ப்பாட்டியலில் அச்சம் எதனால் பிறக்கும் என்று நான்கைக் கணக்காகச் சொல்லியிருக்கிறார்: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறை'. அணங்கு, ஆளை வருத்தும் தெய்வமோ பேயோ. விலங்கு. கள்வர். அப்புறம் இறை, அதாவது அரசன், அதிகாரத்தில் இருப்பவன். படத் தொழில் இன்று பேய்ப் படம், கொடிய விலங்குப் படம், குற்றப் படம், அரசியல் திரில்லர் என்று பிரித்து விற்பது ஏறக்குறைய இந்த நான்கைத்தான்.

செருப்பை வைத்துப் பார்த்தோம். பூட்டு பூட்டியபடி இருக்க, வாசலில் பழைய மோஸ்தரில் ஒரு குழந்தைச் செருப்பு இருந்தால் அது அணங்கு. பார்ப்பவர் அடுத்த காட்சியில் பேயைத் தேடுவார். மலாய்ச் சினிமாவில் அந்தப் பாதை நன்றாகத் தேய்ந்த பாதை. 1957இல் சிங்கப்பூரில் எடுத்துப் பெரும் வெற்றி பெற்ற 'பொந்தியானாக்' என்ற பேய்ப் படத்தை இயக்கியவரே இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ்தான். சேறு அப்பிய ஜப்பான் சிலிப்பர், அதாவது ரப்பர் செருப்பு, இருந்தால் கள்வர். பளபளவென்று துடைத்த கறுப்புத் தோல் காலணி, பக்கத்தில் இன்னொன்றும் அதேபோல், இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்? அது இறை. அந்தப் பாட்டிக்கு மகன் ஒருவன் உண்டு, அவன் எங்கேயோ எதிலோ மாட்டியிருக்கிறான் என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடும். விலங்குக்குச் செருப்பு கிடையாது, எனவே அதை விட்டுவிட்டோம். பாட்டி அதே பாட்டி, வெயில் அதே வெயில். கீழே கிடக்கும் ஒரு பொருள் வகிட்டை மாற்றிவிடுகிறது.

கன்வென்ஷன் மிச்சமிருக்கிறது. லத்தீனில் அதற்கு 'ஒன்றுகூடி வருதல்' என்று பொருள். மாநாடு என்று கைப்பேசி சொன்னதில் பாதி உண்மை உண்டு என்பது இப்போது புரியும். எடுப்பவரும் பார்ப்பவரும் பேசாமலே கூடி ஒத்துக்கொண்டது எதுவோ அதுதான் கன்வென்ஷன். 'மரபு' என்றால் கொஞ்சம் கோயில் வாசனை வருகிறது. 'வழக்கு' மேல். உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்பது போல 'வகைமை வழக்கு'. நீதிமன்ற வழக்கும் அதே சொல்தான். வழக்கை மீறுகிறவர் மேல் வழக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'சவால் விடுதல்' எனக்குப் பிடிக்காத தொடர். மீசை முறுக்கும் ஓசை கேட்கிறது. சவால் என்பது அரபில் வெறும் கேள்விதான். அதே சொல் மலாயில் 'சோஆல்', தேர்வுத்தாளில் கேள்விக்குக் கேள்வி 'சோஆலான்' என்று அச்சடித்திருக்கிறதே, அது. ஆக, இந்தப் பிள்ளைகள் பதினோரு வருடப் பள்ளிப் படிப்பு முழுக்கச் சவாலைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறார்கள்.

அதைவிட நுட்பமான சொல் நம் இலக்கணத்தில் இருக்கிறது: வழுவமைதி. வழு என்றால் பிழை. பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்றால் வழுவமைதி. ஆசையாக வளர்த்த பசு வீட்டுக்கு வருகிறது, 'என் அம்மை வந்தாள்' என்கிறோம். மாட்டை 'ஆள்' விகுதி போட்டுச் சொல்வது திணை வழு. மகிழ்ச்சியில் சொன்னதால் அமைதி. நன்னூல் காரணங்களையே பட்டியல் போட்டுத் தருகிறது: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு. காரணம் சொல்ல முடியாத மீறல் வெறும் வழு. மாணவர் படங்கள் பலவற்றில் பார்ப்பது அதுதான். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துவிட்டு 'வழக்கை மீறினோம்' என்பார்கள்.

தமிழ்ப் படத்தில் நல்ல வழுவமைதிக்கு எடுத்துக்காட்டு கேட்டார்கள். 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாகிறார். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில்! இரண்டும் வழு. ஆனால் செத்தவனைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்ல, அதில் எது மெய் என்று துருவிக்கொண்டே போகும் கதை அது. நடுவில் ஒரு பாட்டு வந்திருந்தால் பதைப்பு இறங்கியிருக்கும். அங்கே அமைதி கிடைத்துவிடுகிறது.

"அப்போ எங்க வெயில்?" என்றாள் அக்கா மகள்.

"நீதான் சொல்லணும். ஏன் பகல்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். இருட்டில் செருப்பை எண்ண முடியாதே மாமா, என்றாள். எனக்கு மறுபேச்சு இல்லை.

மறுவாரம் படம்பிடித்து முடித்துக் குறிப்பை அனுப்பியிருந்தார்கள். 'வகைமை' என்ற கட்டத்துக்கு நேரே 'பதைப்பு' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'கள்வரா? இறையா?' என்று போட்டிருந்தார்கள். கடைசியில் எந்தக் காலணியை வைத்தார்கள் என்று கேட்டேன். ஒரு கால் தோல் காலணி, ஒரு கால் ஜப்பான் சிலிப்பர் என்று பதில் வந்தது.