கீசர் தின்னும் ஏழு யூனிட்

பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை, விடைத்தாள்களில் ஓயாமல் வரும் பிழை ஒன்று உண்டு: 'கீசர் 3 கிலோவாட் ஆற்றல் எடுக்கிறது.' கிலோவாட் ஆற்றலின் அலகல்ல, திறனின் அலகு. நொடிக்கு 3000 ஜூல் போகிறது என்பது மட்டுமே அதற்குப் பொருள். எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாமல் ஆற்றலைச் சொல்லவே முடியாது. ப்ரீபெய்ட் மீட்டரில் நாம் காசு போடுவது ஆற்றலுக்கு. ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடுவது, அதாவது 36 லட்சம் ஜூல்.

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் வீடுகளில் சாதாரணமாகக் காணும் 150 லிட்டர் கீசரை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரியில் உள்ள தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். நிறை 150 கிலோ, தன்வெப்பம் (ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) 4200, வெப்பநிலை உயர்வு 40. மூன்றையும் பெருக்கினால் 252 லட்சம் ஜூல். சரியாக ஏழு யூனிட். 3000 வாட்டால் வகுத்தால் 8400 நொடி, அதாவது இரண்டு மணி இருபது நிமிடம். மாணவர்கள் சறுக்குவது இரண்டு இடத்தில்: உயர்வு 40 என்பதற்குப் பதில் 60 என்று போடுவது, நேரத்தை நொடிக்கு மாற்றாமல் நிமிடத்திலேயே விட்டுவிடுவது.

'கீசரை அணைத்துப் போட்டால் மறுபடி சூடாக்க அதிக கரண்ட் போகும்' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. தவறு. தொட்டியிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகம் உள்ளே, வெளியே உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. நாள் முழுக்க 60 டிகிரியில் வைத்திருந்தால் கசிவு குறையாமல் நடக்கும். ஆற விட்டால் கசிவும் குறையும். தெர்மோஸ்டாட்டை மட்டும் 50 டிகிரிக்குக் கீழே இறக்கி வைக்காதீர்கள், வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். மூடியைக் கழற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை, பிள்ளைகள் வேலையல்ல.

லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) நேரத்து இன்வெர்ட்டரும் நல்ல பாடம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1.2 யூனிட் இருக்கும். ஈயப் பேட்டரியானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 0.6. 2000 வாட் கெட்டில் மூன்று நிமிடம் ஓட 0.1 யூனிட் போதும். பேட்டரியில் தாராளமாக இருக்கிறதே, பிறகு ஏன் 800 வாட் இன்வெர்ட்டர் உடனே ட்ரிப் ஆகிறது? ஆற்றல் போதும், திறன் போதாது. அதே 0.6 யூனிட்டில் 60 வாட்டுக்கு விளக்கும் வைஃபையும் ஓட்டினால், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவை விட்டால், பத்து மணி நேரம் தாங்கும்.

வான் ரீனன் பக்கம் மலையில் இருக்கும் இங்குலா நீர்மின் நிலையம் நிலை ஆற்றலுக்கு (உயரத்தில் இருப்பதால் வரும் ஆற்றல்) நம் குவாசூலு-நடால் மாகாணத்து எல்லையிலேயே உள்ள உதாரணம். நான்கு இயந்திரம், மொத்தம் 1332 மெகாவாட். தேவை குறைந்த நேரத்தில் கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இறக்கம் 400 மீட்டருக்கு மேல். வெறும் 400 என்றே வைத்தாலும் ஒரு டன் நீர் தருவது 39.2 லட்சம் ஜூல், ஒரு யூனிட்டுக்குச் சற்றே கூட. மேலே சொன்ன கீசருக்கு ஏறத்தாழ ஆறரை டன் நீர் மலையிறங்க வேண்டும்!

ஏற்றச் செலவானதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் திரும்பக் கிடைக்கும். மீதி எங்கே என்ற கேள்விக்கு 'வீணானது' என்று எழுதினால் போதாது. குழாய் உராய்விலும் பம்பிலும் டர்பைனிலும் மின்சுருளிலும் வெப்பமாக மாறியது என்று இடம் சொல்லி எழுதுங்கள்.