கரைதிறன்: சொல் விளக்கம்

ஆங்கிலவழிப் பாடங்களில் 'சொல்யூபிலிட்டி' எனப்படுவதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் ஆளும் கலைச்சொல் கரைதிறன். ஆங்கிலச் சொல்லின் வேர், அவிழ்த்தல், தளர்த்தல் எனப் பொருள்படும் 'சொல்வெரே' என்னும் இலத்தீன் வினை. தமிழ்ச்சொல்லோ 'கரை' என்னும் வினையடியோடு 'திறன்' சேர்ந்த வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'கரைத்திறன்' என எழுதுவது பிழை. கரையும் பொருளைக் குறிக்கும் 'கரைபொருள்' என்பதும் இவ்வாறே அமைந்தது. அதைக் கரைக்கும் நீர் போன்றதைக் குறிக்கும் 'கரைப்பான்' மட்டும் 'கரைத்தல்' என்னும் பிறவினையிலிருந்து வந்ததால் பகர ஒற்றைப் பெற்றது. (காக்கை கரைவது, அழைத்தல் என்னும் வேறு பொருளில்.)

குறிப்பிட்ட வெப்பநிலையில் 100 கிராம் கரைப்பானில் கரைந்து தெவிட்டிய, அதாவது அதற்குமேல் கரைக்க இயலாத, கரைசலைத் தரும் கரைபொருளின் கிராம் அளவே கரைதிறன். ஆகவே 'திறன்' இங்கே எல்லையைக் குறிக்கிறதேயன்றி வேகத்தை அன்று. கற்கண்டு மெல்லக் கரைவதும் பொடித்த சர்க்கரை விரைந்து கரைவதும் கரைதிறன் வேறுபாடு ஆகா.

பெயர் தெரியாத வெண்பொடிகளை வகுப்பறையில் இனங்காண இவ்வெல்லை பெரிதும் உதவுகிறது. 25 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் பொடியை இட்டு, மேலும் கரையாத நிலை வரும்வரை 25 பாகை செல்சியசில் கலக்கினால், சர்க்கரை முழுதும் கரையும். கறியுப்பில் (கரைதிறன் 36) ஏறத்தாழ 1 கிராம் எஞ்சும். சமையல் சோடாவில் ஏறத்தாழ 2.5 கிராம் மட்டுமே கரையும். கால்சியம் கார்பனேட்டு அநேகமாக அப்படியே அடியில் தங்கும். எஞ்சியதை வடிதாளில் பிரித்து, உலர்த்தி, எடை பார்த்தால் கண்ணளவை நம்ப வேண்டியதில்லை. எப்பொடியையும் நாவில் வைத்துப் பார்த்தல் கூடாது.

இச்சோதனையில் மாணவரைத் தடுமாறச் செய்வது பெரும்பாலும் பொடியன்று, 'கரை' என்னும் வினையே என்பது என் கருத்து. வீட்டில் மாவைக் கரைக்கிறோம், புளியைக் கரைக்கிறோம். ஆனால் சோளமாவு குளிர்ந்த நீரில் கரைவதில்லை, துகள்களாக மிதந்து பால்போன்ற தொங்கலைத் தருகிறது, சற்று நேரம் அசையாமல் வைத்தால் அடியில் படிந்துவிடுகிறது. அதைக் கண்டு 'கரைந்தது' என்று குறிப்பேட்டில் எழுதும் பிள்ளை வழக்குத்தமிழின்படி சரியாகவே எழுதுகிறது. வேதியியலின்படியோ அது பிழையாகிறது. எனவே 'கரைந்தது' என்பதைத் தெளிந்த கரைசலுக்கு மட்டும் ஆள வேண்டும் என்று ஆசிரியர் சோதனைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. உருகுதலும் வேறு: அது வெப்பத்தால் திண்மம் நீர்மமாவது, அதற்குக் கரைப்பான் தேவையில்லை.

ஒரே வெப்பநிலையில் கண்ட கரைதிறன் மட்டும் எப்போதும் போதாது. பொட்டாசியம் குளோரைடின் கரைதிறனும் 25 பாகையில் ஏறத்தாழ 35.5 என்பதால், மேற்கண்ட அளவில் அதுவும் உப்பைப் போலவே ஒரு கிராம் அளவுக்கு எஞ்சும். இரண்டையும் 80 பாகைக்குச் சூடாக்கினால் பொட்டாசியம் குளோரைடு (அப்போது 51) முழுதும் கரைந்துவிட, கறியுப்பு (38) ஏறத்தாழ அரை கிராம் மீதம் வைக்கும். கரைதிறனைக் குறிக்கும்போதெல்லாம் வெப்பநிலையையும் உடன் எழுதுவது இதனால்தான்.