மரக்கூழ் ஏற்றுமதி வரைபடத்தில் கனடா கோடு இறங்குகிறது, சரி. அதற்காக கனடாவை விட்டுவிடலாமா?

மும்பையில் இறக்குமதி ஆலோசகராக இருக்கிறேன். வாப்பி, பிவண்டிப் பக்கம் டிஷ்யூ காகிதத் தொழில் செய்யும் நம்மவர்கள் சிலருக்கு மரக்கூழ் வாங்குவதில் கணக்குப் பார்த்துக் கொடுப்பதுண்டு. இப்போது அவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் சுற்றுகிறது. பிரேசில், கனடா இரண்டு நாடுகளின் கூழ் ஏற்றுமதி மதிப்பு, டாலரில். பிரேசில் கோடு ஏறுகிறது, கனடா கோடு சரிகிறது. திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் அதைக் காட்டி, "கனடாக்காரன் கதை முடிஞ்சுது தம்பி, எல்லாத்தையும் பிரேசில்லயே வாங்கிரலாமா?" என்றார்.

படத்தில் பொய் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கான பதில்தான் அதில் இல்லை.

சரக்கே வேறு. பிரேசிலிலிருந்து வருவது பெரும்பாலும் தைலமரக் கூழ், இழை குட்டை. கனடாவில் ஸ்புரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரக் கூழ்தான் அதிகம், இழை நீளம். டிஷ்யூவின் மென்மைக்குக் குட்டை இழை, வலுவுக்கு நீள இழை. சாஃப்ட்வுட்டை, அதாவது ஊசியிலை மரக் கூழை, கண்டபடி குறைத்தால் மெஷினில் தாள் அறுந்துகொண்டே இருக்கும். அண்ணாச்சிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். டாலர் கோட்டைப் பார்த்ததும் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

படம் வரைந்தவர் சுங்கப் பட்டியலில் கூழுக்கான 47ஆம் அத்தியாயத்தை அப்படியே அள்ளியிருக்கிறார். அதில் விஸ்கோஸ் என்ற துணி இழைக்குப் போகும் கூழும் (4702) உண்டு, கழிவுக் காகிதமும் (4707) உண்டு. நமக்கு வேண்டியது வெளுத்த கிராஃப்ட் கூழ், அதாவது மரத்தை ரசாயனத்தில் வேகவைத்து எடுப்பது: ஊசியிலை என்றால் 470321, மற்ற மரம் என்றால் 470329. இதே படத்தில் கனடாவுக்குப் பதில் அமெரிக்காவைப் போட்டிருந்தால் குழப்பம் இன்னும் கூடியிருக்கும். அவர்கள் கழிவுக் காகிதத்தைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறவர்கள். 2021இல் சீனா அதை வாங்குவதையே நிறுத்திவிட்டது; கூழோடு சம்பந்தமில்லாத அந்த மாற்றமும் கோட்டில் கலந்துவிடும்.

அப்புறம், மதிப்பு என்பது எடையும் விலையும் சேர்ந்தது. 100 டன்னை டன்னுக்கு 800 டாலர் வீதம் விற்றவர் அடுத்த வருடம் 110 டன்னை டன்னுக்கு 600 டாலர் வீதம் விற்றால், 80,000 டாலர் 66,000 ஆகிவிடும். சரக்கு கூடியிருக்கிறது, கோடு இறங்கியிருக்கிறது. 2022இல் உச்சத்தில் இருந்த கூழ் விலை 2023இல் பலமாக விழுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 2009 போன்ற சரிவு வருடத்தில் தொடங்கும் படமாக இருந்தால் எந்த நாடும் ராக்கெட் மாதிரிதான் தெரியும். ஐ.நா.வின் வர்த்தகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேடில் டாலரும் நிகர எடையும் சேர்ந்தே கிடைக்கின்றன. டாலரை எடையால் வகுத்தால் ஒரு கிலோவின் விலை வந்துவிடும்.

கனடா ஏன் இறங்குகிறது என்பதுதான் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய இடம். பிரேசிலில் தைலமரம் ஆறேழு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். கனடாக் காட்டில் பல பத்தாண்டுகள் ஆகும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களின் கடைசியிலிருந்து பைன் வண்டு காட்டை அழித்தது, பிறகு காட்டுத்தீ. மரம் கிடைக்காமல் மர அறுவை ஆலைகள் மூடினால் அங்கிருந்து வரும் மரச்சில்லு நிற்கும், கூழ் ஆலையும் மூடும். ஆக, அந்தக் கோடு சரிவதை சரக்குத் தட்டுப்பாட்டுக்கான எச்சரிக்கையாகத்தான் நான் படிக்கிறேன், விலை இறங்கும் அறிகுறியாக அல்ல.

அண்ணாச்சிக்குச் சொன்னதும் அதுதான்: மெஷின் தாங்குகிற அளவுக்குப் பிரேசில் பங்கைக் கூட்டுங்கள்; சாஃப்ட்வுட்டுக்கு பின்லாந்து, ஸ்வீடன் விலையும் இப்போதே கேட்டு வையுங்கள்.