மழையில் இறுகும் பலகைக் கதவு

இலங்கை மலைநாட்டு நாவலப்பிட்டியில் மகாவலி சரக்குப் படகு ஓடும் ஆறல்ல, பாறையும் இழுப்பும்தான். ஆனால் அது குடைந்த பள்ளத்தாக்கு வழியாகத்தான் 1874இல் ரயில் அங்கே வந்து சேர்ந்தது. 1884இல் பாதை அட்டனுக்கு ஏறும்வரை அதுதான் கடைசி நிலையம். அரிசி மூட்டைகள் அங்கே இறங்கி, மாட்டுவண்டியில் மலைப் பெருந்தோட்டங்களுக்குப் போயின. மூட்டை இறங்கிய இடத்தில் கடைத்தெரு முளைத்தது.

வியாபாரிக்குப் பெரிய தொல்லை மழை. சற்று மேலேயுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. உப்பு கசியும், சீனி கட்டிபடும், செத்தல் மிளகாயில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனாலும் பகலில் கடை முகப்பு முழுவதும் திறந்திருக்க வேண்டும். அதற்குத்தான் தனித்தனிப் பலகைகளை வரிசையாக நிறுத்தி மூடும் பலகைக் கதவு. மேல் சட்டத்தில் ஆழமான காடி (நீளப் பள்ளம்), கீழ்ச் சட்டத்தில் ஆழமில்லாத காடி. பலகையை மேலே தூக்கிச் செருகி, கீழே இறக்கினால் நின்றுவிடும். ஆணியும் இல்லை, கீலும் இல்லை.

மழைக்காலத்தில் இதே கதவு இறுகிக்கொள்ளும். மரத்தின் நார்கள் வைக்கோல் கட்டைப் போல நீளவாக்கில் கிடக்கின்றன. ஈரம் ஏறும்போது நார்ச் சுவர்கள் பருத்து ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளும். நீளம் ஏறத்தாழ மாறாது. எட்டங்குலப் பலகை இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலக்கூடும். பத்துப் பலகை சேர்ந்தால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்! மேலும் கீழும் உள்ள சட்டங்களோ வாசலின் குறுக்கே நீளவாக்கில் கிடப்பவை, அவை நீள்வதில்லை. வாசல் அப்படியே இருக்க, பலகை மட்டும் பெருக்கிறது. அதனால் தச்சர் கொஞ்சம் இடைவெளி விடுவார். பிறகும் சிக்கும் பலகையைச் சீவுவார். சீவிச் சீவி ஒவ்வொன்றும் ஒரு அகலமாகிவிடுவதால், இடம் மாறாமலிருக்க ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருப்பார்கள்.

இப்போது பல கடைகளில் ரோலர் ஷட்டர். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, ஷட்டர் பருக்காது. கடைச் சுவரில் செய்யும் பூச்சுதான் பிழையான வேலை. பழைய செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை நுண்துளைகள் வழியே உறிஞ்சும். மேலே சுண்ணாம்புச் சாந்து இருந்தால் அந்த ஈரம் அதன் துளைகளால் வெளியேறி ஆவியாகும். சீமெந்து பூசினால் வழி அடைபடும். முழங்காலளவில் நின்ற ஓதம் இடுப்பளவுக்கு ஏறும். கூடவே வரும் உப்பு படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளி உதிர்க்கும். உதிர்ந்த இடத்தில் மறுபடியும் சீமெந்தைத்தான் பூசுகிறார்கள்.