ஃபொலி: தாளமா, கொட்டா?

ஜெம்பே என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கைமுரசுக்கான வகுப்புகளின் அறிவிப்புகளில் 'ஆப்பிரிக்கத் தாளப் பயிற்சி' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 'ரிதம்' என்று எங்கே கண்டாலும் 'தாளம்' என்று போட்டுவிடுவது நமக்குக் கைப்பழக்கம். அந்த இசைக்குச் சொந்தக்காரர்களான மனின்கா மக்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று தெரிந்தால், அந்தக் கை சற்றுத் தயங்கும். அவர்களுடைய சொல் ஃபொலி.

மனின்கா, மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங் மொழிகளில் ஒன்று. கினி நாட்டில் நைஜர் ஆற்றின் மேற்படுகையைச் சேர்ந்த குருசா, கன்கான், சிகிரி வட்டாரங்களில் பேசப்படுகிறது. மாலி நாட்டின் பம்பாரா இதற்கு மிக நெருங்கிய உறவு. இம்மொழிகளில் 'ஃபொ' என்றால் சொல், பேசு என்று பொருள். '-லி' தொழிற்பெயர் விகுதி. நம்முடைய '-தல்', '-பு' போல. எனவே ஃபொலி என்றால் சொல்லுதல். வாத்தியத்தை இசைப்பதற்கும் அவர்களிடம் இதே வினைதான். கதையையும் சொல்கிறார்கள், ஜெம்பேயையும் சொல்கிறார்கள். செய்பவரைக் குறிக்கும் '-லா' விகுதியைச் சேர்த்தால் 'ஜெம்பேஃபொலா' கிடைக்கும்: ஜெம்பேயைச் சொல்பவர், அல்லது சொல்ல வைப்பவர்.

உச்சரிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த 'ஃபொ'வில் வரும் உயிர், நம் ஒகரத்தைவிட வாயை அகலத் திறந்து சொல்வது. உதட்டைக் குவித்துவிட்டால் 'முகமன் கூறு' என்ற வேறு வினையாகிவிடும். அதன் தொழிற்பெயரும் வெளியார் காதுக்கு ஃபொலியாகவே விழும். இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவிட்டு, பறையொலிக்கு 'வாழ்த்து' என்று பொருள் சொல்கிறவர்களும் உண்டு. அழகான கதைதான், ஆனால் வேறு சொல்லின் கதை.

இதே வினை இன்னொரு வாத்தியத்தின் பெயருக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக் கோலால் இசைக்கும் கருவியை உலகம் பலஃபோன் என்கிறது. மாண்டிங் மக்களுக்கு அது வெறும் பாலா. கினியின் நியாகசோலாவில் காத்துவைக்கப்பட்டிருக்கும் பழம்பெரும் கருவியின் பெயரும் சோசோ-பாலாதான். அதைச் சுற்றிய மரபை 2001 இல் யுனெஸ்கோ பாரம்பரியமாக அறிவித்தது. 'பாலாவை ஃபொ' என்ற பேச்சைக் கேட்ட ஐரோப்பியர் வினையையும் சேர்த்துப் பெயராக்கிக்கொண்டார்கள். 'வீணை வாசி' என்பதைக் கேட்டு, கருவியின் பெயரே வீணைவாசி என்று எழுதிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்!

வீணையை எடுத்துக்காட்டாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சொல்வதற்கும் கொட்டுவதற்கும் ஒரே வினை என்பதைத் தமிழ் வாசகர் வியக்கத் தேவையில்லை. புத்தகத்தையும் வாசிக்கிறோம், மிருதங்கத்தையும் வாசிக்கிறோம். மிருதங்கத்தில் விரல் எழுப்பும் ஒலிக்குப் பெயர் 'சொல்'. சொற்கள் சேர்ந்தால் சொற்கட்டு. இன்னும் பின்னே போனால் 'அறைதல்' இருக்கிறது. முரசையும் அறைவார்கள், செய்தியையும் அறைவார்கள். கேட்ட இரகசியத்தை அடக்கிவைக்க முடியாத கயவரை 'அறைபறை அன்னர்' என்கிறது குறள் (1076). பறை என்பதே கருவிக்குப் பெயர். 'பறைதல்' என்றால் சொல்லுதல். குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் அப்படிப் பேசக் கேட்கலாம். ஆக, ஃபொலிக்கு ஈடான சொல்லைத் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை. எதை எடுப்பது என்பதுதான் சிக்கல்.

'தாளம்' ஏன் பொருந்தவில்லை? நம் வழக்கில் தாளம் என்பது அளவு. ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரம். கையால் போட்டுக் காட்டலாம். அதற்குள் எந்தப் பாட்டையும் பாடலாம். பாத்திரம் ஒன்று, உள்ளே ஊற்றுவது வேறு. ஃபொலியில் உள்ளே இருப்பதே ஃபொலி. ஜெம்பேயுடன் மூன்று துனுன்கள் சேர்கின்றன. இவை இருபக்கமும் மாட்டுத்தோல் போர்த்திய, குச்சியால் அடிக்கும் உருளை முரசுகள். சிறியது கென்கெனி, நடுவில் இருப்பது சங்பன், பெரியது துனுன்பா ('-பா' என்றால் பெரிய). குருசாவைச் சேர்ந்த ஹமனா வட்டார முறைப்படி ஆளுக்கொரு துனுன். ஒரு கையால் தோலையும் மறு கையால் அதன்மேல் கட்டிய இரும்பு மணியையும் அடிப்பார்கள். கென்கெனி சின்னதாக ஒன்றையே விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். துனுன்பா இடைவிட்டு உறுமும். சங்பன் முழு வாக்கியத்தைச் சொல்லும். மூன்றும் சேரும்போது ஒரு மெட்டுப் போலக் கேட்கிறது. அந்த மெட்டுத்தான் அந்த ஃபொலியின் முகம்.

குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். அவர்களுக்குப் பெரும்பாலும் துணை ஜெம்பேயைக் கொடுப்பார்கள். எட்டு நொடிப்புகளில் முதலாவதும் நான்காவதும் விளிம்பில் விழும் கூரிய அடி; ஆறாவதும் ஏழாவதும் தெளிந்த மணியோசை போன்ற அடி; மற்றவை மௌனம். ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். ஆனால் பல ஃபொலிகளுக்கு இதே துணைதான். அதை மட்டும் அடித்துக்கொண்டு, குக்கு என்ற ஃபொலியைப் பற்றி 'எனக்குக் குக்கு தெரியும்' என்பது, 'தான்', 'உம்' ஆகிய இடைச்சொற்களை மட்டும் கற்றுக்கொண்டு தமிழ் தெரியும் என்பதைப் போன்றது. எந்த ஃபொலி ஓடுகிறது என்று அறிய வேண்டுமானால் சங்பனைக் கேட்க வேண்டும். கட்டம் போட்டு எழுதிய தாளைப் பார்த்துப் பயில்பவருக்குத் தன் கட்டம் மட்டுமே தெரிகிறது. தன் கை ஒன்றை அடிக்கும்போது வாயால் சங்பனின் வரியைச் சொல்லப் பழகியவர் குழுவில் தொலைவதில்லை. நம் ஆசிரியர்கள் சொற்கட்டை வாயில் ஏற்றிவிட்டுத்தானே கைக்கு இறக்குகிறார்கள்!

இனி, பெயர்கள். குக்கு, கினியின் காட்டுப் பகுதியில் மீன்பிடித்துத் திரும்பும் பெண்களுக்கானது. காஸா, வயலில் உழைப்பவர்களுக்கு உடனிருந்து கொட்டுவது. சோலி, சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்கைச் சேர்ந்தது. துனுன்பா என்ற பெயரில் முரசு மட்டுமின்றி ஒரு பெரிய ஃபொலிக் குடும்பமே உண்டு. இளைஞர்கள் சாட்டையுடன் ஆடி வலிமை காட்டும் 'வலியவர் ஆட்டம்' அது. ஒவ்வொன்றும் நிகழ்வோடு கட்டுண்டது. அகப்பொருள் இலக்கணம் நெய்தலுக்கு மீன்கோட்பறையையும் மருதத்துக்கு நெல்லரிகிணையையும் வைத்தது நினைவுக்கு வருகிறது. ஒரு வேறுபாடு: இங்கே தொழிலுக்குத் தொழில் கருவி மாறியது; அங்கே பெரும்பாலும் கருவிகள் அவையே, சொல்வது மாறுகிறது.

இதனால்தான் நான் 'கொட்டு' என்ற சொல்லுக்குக் கை தூக்குகிறேன். கல்யாணக் கொட்டு, சாவுக் கொட்டு என்று நிகழ்வைச் சேர்த்துச் சொல்வது ஏற்கெனவே நம் வழக்கு. கருவி, அடிக்கும் செயல், எழும் ஒலி ஆகிய மூன்றுக்கும் அது பொதுப்பெயர். பலர் கூடிச் செய்வது என்ற குறிப்பும் 'கொட்டு முழக்கு' என்னும்போதே வந்துவிடுகிறது. 'அறைவு' என்று புதிதாக ஆக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பொருளில் அதுதான் ஃபொலிக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் இன்றைய காதுக்கு அறை என்றால் ஒன்று கன்னத்தில் விழுவது, மற்றொன்று வாடகைக்குக் கிடைப்பது. அந்தச் சொல்லை, கூரிய விளிம்படிக்கு வைத்துக்கொள்வதே நல்லது. 'ஸ்லாப்' என்று இப்போது சொல்லிக்கொண்டிருப்பதற்கு 'அறை'யைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

'எனக்கு இருபது ரிதம் தெரியும்' என்ற எண்ணிக்கைப் பேச்சு மேடையின் வழியே பரவியது. 1958 இல் விடுதலை பெற்ற கினி, கிராமத்துக் கலைகளை அரசு நடனக் குழுக்களாக்கி உலகமெங்கும் அனுப்பியது. நெடுநேரம் ஓடும் ஃபொலி சில நிமிடங்களாகச் சுருங்கியது. ஒன்றை அடுத்து இன்னொன்று வந்தது. அக்குழுக்களில் வளர்ந்த கலைஞர்களே பின்னர் வெளிநாடுகளில் ஆசிரியர்களானார்கள். கினியின் பலன்டுகு கிராமத்தில் 1950 இல் பிறந்து 2021 இல் மறைந்த மாமடி கெய்த்தா அவர்களில் முதன்மையானவர். 1991 இல் பிரஸ்ஸல்ஸில் பள்ளி தொடங்கினார். வகுப்பறை என்றால் பட்டியலும் வந்துவிடும். அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் நமக்கு இந்தப் பெயர்களே தெரிந்திருக்காது.

கினியின் அரசு மொழி பிரெஞ்சு என்பதால் வகுப்பறைச் சொற்கள் சிலவும் பிரெஞ்சிலேயே நின்றுவிட்டன. தொடங்கவும் நிறுத்தவும் முதன்மைக் கலைஞர் அடிக்கும் குறிப்பு 'அப்பெல்'. அதை 'அழைப்பு' எனலாம், தடையில்லை. ஆடுபவர் உச்சத்தை எட்டும்போது எல்லாரும் இறுக்கி அடிப்பது 'ஷோஃப்', அதாவது சூடேற்றுதல். இதற்குத் தமிழாக்கமே வேண்டாம்: ஆட்டம் சூடு பிடிக்கிறது என்றுதானே நாமும் சொல்கிறோம்! 'ட்ஜெம்பே' என்று முன்னால் ஒரு ட் போடுவதும் பிரெஞ்சின் கைங்கரியமே. அவர்களுடைய ஜகரம் வழவழப்பானது; வல்லோசையைக் காட்ட முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். தமிழின் ஜ போதும்.

எழுதிக் காட்டினால்: 'இன்று சோலிக் கொட்டுப் பழகினோம், சங்பன் இன்னும் வசப்படவில்லை.' செயலைக் குறிக்க வாசிப்பு: 'குருசா வாசிப்பில் கென்கெனிக்குத் தனி ஆள்.' ஜெம்பேஃபொலாவை 'ஜெம்பே வாசிப்பவர்' என்றால் போதும். அளவைப் பற்றிப் பேசும்போது மட்டும் தாளத்தை அழையுங்கள்.