விற்கும் முன் பெயிண்ட் அடிக்காதீர்கள்

போன வாரம் என்னிடம் இன்னொரு பழைய சைக்கிள் விலைக்கு வந்தது. 1950களின் ராலே (இங்கிலாந்து கம்பெனி), ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி), 28 இஞ்சு சக்கரம். பளபளவென்று கறுப்பு ஸ்பிரே. முன்பக்க பேட்ஜைக் கழற்றிப் பஃபிங் போட்டதில் எழுத்து தேய்ந்திருந்தது. மட்கார்டில் இருந்த தங்கக் கோடு, ஃபிரேமில் இருந்த கம்பெனி எழுத்து, எல்லாம் போச்சு. “புதுசு மாதிரி இருக்குல்ல அண்ணே, எவ்வளவு போகும்?” என்கிறார் கொண்டுவந்த தம்பி. பெயிண்ட் அடிக்காமல் கொண்டுவந்திருந்தால் இன்னும் அதிகமாகப் போயிருக்கும் என்றேன். வழக்கம்போல நம்பவில்லை.

பழைய சைக்கிளைத் தேடி வாங்குபவர் புதுச் சைக்கிள் வேண்டுமென்றால் ஷோரூமுக்குப் போயிருப்பார். அவருக்கு வேண்டியது அந்தக் காலத்துப் பெயிண்ட், அந்தக் காலத்து எழுத்து. அங்கங்கே துரு இருந்தாலும் அதைக் குறையாகப் பார்க்க மாட்டார். புதுப் பெயிண்ட்டைப் பார்த்தால்தான் அடியில் எந்த வெல்டிங்கை மறைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுவார். திரும்பச் சொல்கிறேன்: வேண்டுமென்றால் வாங்கியவர் அடித்துக்கொள்வார். நீங்கள் அடித்ததை அவரால் எடுக்க முடியாது. குரோம் முலாமுக்கும் இதே கதைதான்.

பழசு என்பதாலேயே விலை ஏறாது. நம் ஊர் வீடுகளில் கிடக்கும் ராலே எல்லாம் ‘லண்டன் சைக்கிள்’ அல்ல. மேற்கு வங்கத்து அசன்சோலில் சென்-ராலே ஆலை செய்தவையும் நிறைய. ஹெர்குலிஸும் அப்படித்தான்: பர்மிங்காமில் செய்தது வேறு, 1950களில் இருந்து அம்பத்தூரில் செய்தது வேறு. செயின்வீலில் ராலேயின் சின்னமான நாரைத் தலை இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். பேட்ஜில் நாட்டிங்காம் (இங்கிலாந்தில் ராலே ஆலை இருந்த ஊர்) என்று இருக்கிறதா பாருங்கள்.

பின்சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் கியர் ஹப் (கியர் உள்ளேயே இருக்கும் உருளை) இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹப்பின் மேல் அழுக்கைத் துடைத்தால் ‘ஏ.டபிள்யூ’ என்ற மாடல் பெயர், அதன் பக்கத்தில் 52, 3 என்பதுபோல் எண்கள் தெரியும். அப்படியென்றால் 1952 மார்ச்சில் செய்த ஹப். சக்கரம் பிற்பாடு மாற்றியதாகவும் இருக்கலாம் என்பதால் சைக்கிளுக்கே அதுதான் வயது என்று சத்தியம் செய்ய வேண்டாம். ராலேயின் ஃபிரேம் நம்பரை மட்டும் வைத்து ஆண்டு சொல்வது கஷ்டம். எவராவது சட்டென்று சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அடுத்து அடிபட்டதா என்று பாருங்கள். ஹேண்டில் குழாயை ஒட்டி, கீழ்க்குழாயின் அடியில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் எப்போதோ முன்னால் மோதிய வண்டி. விலை அங்கேயே விழும். பெடல் அச்சு இருக்கும் இடத்தின் மரையையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ராலேவுக்கு இஞ்சுக்கு 26 மரை, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் 24. தெரியாமல் வேறு மரை கொண்ட கப்பை (பேரிங் உட்காரும் கிண்ணம்) முறுக்கி ஏற்றி மரையைக் கெடுத்து வைத்திருக்கும் ஃபிரேம்கள் ஏராளம். (எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான் செய்கிறோம், என்ன சொல்ல.)

“நெட்டில் ரெண்டு லட்சம்னு போட்டிருக்கு” என்று போனை நீட்டாதீர்கள், தயவுசெய்து. அது ஒருவர் கேட்கும் விலை. கேட்பதற்குக் காசா பணமா? விற்று முடிந்த விலை என்ன என்று தேடுங்கள். வெளிநாட்டு ஏலத் தளங்களில் அதை மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பார்த்த பிறகும் இங்கிலாந்து விலையை அப்படியே ரூபாயாக்காதீர்கள். உங்கள் வண்டியை அங்கே அனுப்பும் செலவை யார் தருவார்?

கொண்டுவரும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள். தின்னர், பெட்ரோல், உப்புத்தாள் எதுவும் எழுத்தின் பக்கம் போகக் கூடாது. தோல் சீட்டு காய்ந்திருந்தால் அதன்மேல் உட்கார்ந்து பார்க்காதீர்கள், கிழிந்துவிடும். பரணில் கழற்றிப் போட்ட பழைய மணி, லைட்டு, ஏர் பம்பு, தாத்தா வாங்கிய ரசீது, அந்தக் காலத்துப் பஞ்சாயத்து சைக்கிள் லைசென்ஸ் வில்லை, எது இருந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் சைக்கிளோடு சேர்த்து எடுத்து வாருங்கள். அதற்குத் தனி விலை உண்டு.